மேலேயா, கீழேயா

வாடிய செடி ஒன்றைக் கண்டால் என் தம்பியின் மனைவி உடனே அதைத் தொடமாட்டாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவாள். தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கி, செடி பதில் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையோடு கேட்பாள்: "ஃபோகா, தஹத்தா?"

மேலேயா, கீழேயா என்று பொருள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்த காலத்தில் பொறுக்கிய அரபு அது. அந்த வீட்டு மொட்டைமாடியில் சட்டிகளில் நின்ற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இவளுடைய வேலைகளில் ஒன்று. இலை பழுத்தால் வீட்டுக்காரி செடி விற்றவனைத் தொலைபேசியில் கூப்பிடுவாளாம். அவனுக்கு மாடி ஏறப் பஞ்சி, சோம்பல். இருந்த இடத்திலிருந்தே கேட்பானாம், பழுத்தது மேல் இலையா, கீழ் இலையா என்று. கேள்வி கைமாறி இவளிடம் வரும். இவள் படியேறி ஓடிப்போய்ப் பார்த்து, ஓடிவந்து சொல்ல வேண்டும். அப்படி ஓடி ஓடிப் படித்த படிப்பு.

கீழ் இலை பழுத்தால் செடிக்குப் பசி. வயதுபோன இலையில் இருப்பதை உருவி இளசுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூக்கும் காலத்தில் அடியில் ஒன்றிரண்டு இலை பழுப்பது நோயே அல்ல, தாய் தன் பங்கைக் கொடுத்துவிட்டு எழும்புவதுதான். மேல் இலை வெளிறினால் கதை வேறு. சில சத்துகளைச் செடியால் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்க முடியாது. வரத்து நின்ற கையோடு குருத்து வெளுத்துவிடும். இதையெல்லாம் அவள் எனக்கு ஒரே நாளில் இருத்திவைத்துச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் இருந்திருக்கமாட்டேன். ஓரிடத்தில் இருக்கத் தெரியாத உடம்பு எனக்கு. கல்லடியில் இருக்கிறேன் என்று பெயர். பாதி நாள் பஸ்ஸில். கிழமைக்கு ஒரு தடவையாவது பெரியகல்லாற்றில் இறங்கித் தம்பியின் வளவைச் சுற்றி நடந்து, தேத்தண்ணீரையும் நடந்துகொண்டே குடித்துவிட்டுத் திரும்புவேன். நடந்தபடி கேட்டவைதான் இவை.

வளவு என்றால் மணல். கிழக்கே கடல் போட்டது, மேற்கே வாவி போட்டது, நடுவில் நாங்கள். தோண்டினால் மண் வருமுன்னே ஓடு வரும். மட்டி ஓடு, சிப்பி ஓடு, நத்தை ஓடு, எவரோ எப்போதோ தின்று எறிந்தவை. வெறுங்காலால் நடந்தால் மொறுமொறுக்கும். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள், அதை மண் என்றுதான் சொல்வோம்.

அவள் கிரான்காரி. வயல்காட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதுவதுதான் வழக்கம். என் தம்பியும் போய்த்தான் பார்த்தான். அலைச் சத்தம் இல்லாத ஊரில் அவனுக்கு நித்திரை வரவில்லை. தோணியும் இங்கே, வலையும் இங்கே. கடைசியில் ஊர் சிரிக்கச் சிரிக்க அவள் அவனோடு இங்கே வந்தாள். வரும்போது லேண்ட்மாஸ்டர் டிராக்டரில் ஏற்றிவந்த சாமான்களுக்குள் உரப்பைகள் சிலவும் இருந்தன. பிரித்துப் பார்த்தால் மண். தகப்பனுடைய வட்டையிலிருந்து, அந்த வயல்வெளியிலிருந்து அள்ளிவந்த கறுத்த களிமண்.

"என்னகா மச்சாள் இது?" என்று கேட்டேன்.

"உங்கட ஊரில மண் இல்லையே மச்சாள். அதான் கொண்டு வந்த."

வேலிக்கு அப்பால் நின்ற பெண்கள் அதை விடவில்லை. சீதனமாக நகை கண்டிருக்கிறோம், மாடு கண்டிருக்கிறோம், மண் வந்ததை இண்டைக்குத்தான் கண்டம் என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். பைகளைச் சமையல் குசினிக்குப் பின்னால் வரிசையாக வைத்து அவற்றில் கொச்சி நட்டாள். மிளகாயைத்தான் சொல்கிறேன், எங்கள் வாயில் அது கொச்சிக்காய்.

பிறகு குவைத். போனாள், திரும்பி வந்தாள். வந்த பிறகு வளவு முழுவதையும் கொத்திக் கொச்சித் தோட்டம் போட்டாள். பைகளில் ஏற்கெனவே நன்றாகக் காய்த்த கொச்சியின் விதையையே எடுத்து நாற்றுப் போட்டு, மணலில் வரிசை வரிசையாக நட்டாள். இந்தத் தோட்டம் பிடித்தால் அவள் இங்கே. பிடிக்காவிட்டால் மறுபடியும் அங்கே. அதில் ஒளிவுமறைவு இல்லை; வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவளைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரர் வேறு வீடு பார்த்து வைத்துவிட்டு, மருத்துவச் சோதனைக்கு எப்போது வருகிறீர்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடி மாதத்தில் எந்தக் காரியமும் தொடங்கக் கூடாது என்று சொல்லி அவள் அவரை நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஆடி முடியட்டும் அண்ணன்."

ஆடி முடிவதற்குள் கொச்சி காய்க்க வேண்டும்.

செடிகள் நன்றாகத்தான் எழும்பின. முழங்காலுக்கு வந்தன. பூத்தன. நட்சத்திரம் நட்சத்திரமாக வெள்ளைப் பூ, தலை கவிழ்ந்த பூ. பூத்த கையோடு மஞ்சள் தொடங்கியது. போன கிழமை பச்சையாய்ப் பார்த்துவிட்டுப் போன வரிசைகள், அடுத்த கிழமை நான் பஸ்ஸால் இறங்கி வர, எலுமிச்சை நிறத்தில் நின்றன. நிலமெல்லாம் பூ. மொறுமொறுக்கும் ஓட்டுக்கு மேல் மெத்தென்று பூ.

"கச்சான்," என்றான் தம்பி.

"கச்சான்," என்றார்கள் வேலிப் பெண்கள்.

எங்கள் ஊரில் கச்சான் என்று இரண்டு உண்டு. ஒன்று கோயில் வாசலில் சுருளில் சுற்றித் தரும் நிலக்கடலை. மற்றது மேற்கிலிருந்து வரும் காற்று. நெருப்பை வாயில் வைத்து ஊதுகிற காற்று. சோளகம் என்பார்கள் வேறு இடங்களில், எங்களுக்குக் கச்சான். அது வீசும் மாதங்களில் எது பழுதானாலும் பழி அதற்குத்தான். உதடு வெடித்தால் கச்சான். புருசன் பெண்சாதி சண்டை பிடித்தால் கச்சான். நானும் குறைந்தவள் இல்லை; அந்தக் காற்றை வைத்து எத்தனையோ பக்கம் எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறேன். ஆகவே நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு, பெருமூச்சோடு, "கச்சான்தான் மச்சாள்," என்றேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் நடந்தேன். நடை என்றால் எனக்குச் சம்மதம்.

முதலில் மேற்கு மதிலின் ஓரத்துக்குப் போனாள். அங்கே ஒரு வரிசை மதிலுக்கு ஒளித்து நின்றது. தலைமயிர்கூட அசையாத மறைப்பு.

"இஞ்ச கச்சான் வருதா மச்சாள்?"

"இல்ல."

"இதுவும் அதே மஞ்சள்தானே. பாருங்க."

பார்த்தேன். அதே மஞ்சள்.

பிறகு கிணறு. வெயில் காலத்தில் வாவிப் பக்கத்துக் கிணறுகள் சவர் பட்டுவிடும். உப்புத் தண்ணீர் இலையின் நுனியைக் கருக்கும். வாளியில் அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தாள். என் கையிலும் ஊற்றினாள். நல்ல தண்ணீர். இலை நுனியிலும் கருகல் இல்லை.

பசி என்று நினைத்து ஒரு வரிசைக்கு முன்னமே யூரியா போட்டிருந்தாள், காத்தான்குடியில் பசளைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, தந்தது. அந்த வரிசை மற்றவற்றைவிட நெடுத்திருந்தது. தலை மட்டும் அதே மஞ்சள். சாப்பாடு போட்டும் முகம் வெளிறியே இருந்த பிள்ளை மாதிரி.

அப்போதுதான் குனிந்தாள். "ஃபோகா, தஹத்தா?"

கீழ் இலைகள் பச்சை. மேலே போகப் போக வெளிறல். குருத்து கிட்டத்தட்ட வெள்ளை. ஒரு குருத்திலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தாள். இலை மஞ்சள், நரம்பு பச்சை. எவரோ மஞ்சள் துணியில் பச்சை நூலால் தைத்துவிட்டது போல ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு அழகான நோயை நான் அதற்கு முன் கண்டதில்லை. சொல்லவில்லை. அழகு என்று சொன்னால் அடித்திருப்பாள்.

"ஃபோக்," என்றாள் மெதுவாக. "இது இரும்புக் குறை."

அவள் அடுத்துப் போனது குசினிக்குப் பின்னால். உரப்பைகளில், தகப்பனின் வட்டை மண்ணில், அதே விதை, அதே கிணற்றுத் தண்ணீர். இருண்ட பச்சையில் தடித்த இலைகளோடு, பூவும் பிஞ்சுமாக ஏழெட்டுச் செடிகள் எங்கள் கவலை எதுவும் தெரியாமல் நின்றன.

அவற்றைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றாள். எனக்குக் கால் பரபரத்தது. என்ன யோசிக்கிறாள் என்று எனக்கும் விளங்கத் தொடங்கியபோது பரபரப்பு நின்றுபோனது. ஏனென்றால் வளவின் முன்பக்கத்திலிருந்து அந்த நேரம் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டொக், டொக், டொக்.

தம்பி ஓடு இடித்துக்கொண்டிருந்தான்.

சொல்ல வேண்டும். அவள் குவைத்துக்குப் போனதை அவன் ஒருநாளும் வாய்விட்டுப் பேசியதில்லை. அவள் திரும்பி வந்து மண்வெட்டி எடுத்த நாளிலிருந்து, வாவியால் வரும்போதெல்லாம் ஓலைக் கடகம் நிறைய மட்டி ஓடு கொண்டுவந்தான். சாக்கில் போட்டு உலக்கையால் நொறுக்கி, செடியின் அடியில் ஒவ்வொரு பிடியாகப் போட்டான். எங்கள் கரையில் எல்லோரும் செய்வதுதான். ஓட்டில் சுண்ணாம்பு இருக்கிறது, சுண்ணாம்பு இருந்தால் பூ நிற்கும் என்பார்கள். களிமண் ஊரில் அது சரியாகக்கூட இருக்கலாம். பூ கொட்டத் தொடங்கியதும் இன்னும் கூடப் போட்டான். கடலுக்குப் போய்க் களைத்து வந்த உடம்போடு, வெயிலில், உலக்கையோடு. உன்னை இனிப் போகவிடமாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒருவன் அதை இடித்துக்கொண்டிருந்தான்.

பைகளுக்கு மட்டும் அவன் ஓடு போடவில்லை. அது மாமனார் வீட்டு மண், சீதனம், அதில் கை வைக்கக் கூடாது என்று ஒரு மரியாதை.

"மச்சாள்," என்றாள் அவள், குரலைத் தணித்து. "இந்த மண்ணில இரும்பு இல்லாம இல்ல. சுண்ணாம்பு கூடினா அத வேரால எடுக்க ஏலா. சோறு கிடக்கு, குசினி பூட்டிக் கிடக்கு."

"பூட்டினது ஆர்?"

அவள் முன்பக்கத்தைப் பார்த்தாள். டொக், டொக்.

"நான் சொல்லட்டா?" என்றேன். "நான் அக்காதானே. சொன்னா என்னோட ரெண்டு நாள் பேசமாட்டான், அவ்வளவுதான்."

"வேணாம். நீங்க சொன்னாலும் நான் சொன்ன மாதிரித்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "குசினியில வினாகிரி இருக்கு. எடுத்து வாங்க."

இரண்டு கோப்பைகளில் மண் எடுத்தாள். ஒன்றில் பை மண், மற்றதில் வளவு மண். முற்றத்துக்குக் கொண்டுபோய் அவன் இடித்துக்கொண்டிருந்த சாக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வினாகிரிப் போத்தலை அவன் கையில் கொடுத்தாள்.

"என்ன, அச்சாறு போடப் போறீங்களா?" என்றான்.

"ஊத்துங்க. முதல்ல இந்தக் கறுப்புக்கு."

ஊற்றினான். மண் நனைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"இப்ப எங்கட மண்ணுக்கு."

ஊற்றினான். கோப்பை பொங்கியது. சுர்ரென்று சத்தத்தோடு நுரைத்து விளிம்பால் வழிந்தது. அவன் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனான்.

சுண்ணாம்பில் வினாகிரிப் புளிப்புப் பட்டால் அப்படித்தான் பொங்கும். நுரை தானே அடங்கும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி ஓட்டுத் தூளை எடுத்து, அதன்மேல் தானாகவே கொஞ்சம் ஊற்றினான். அதுவும் சுர்ரென்றது, முன்னதைவிட உரக்க. அவன் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் நான் கொண்டுவந்து போட்டது இதைத்தானா?" என்றான்.

"மண்ணே அப்பிடித்தான். நீங்க போட்டது கொஞ்சம்," என்றாள் அவள்.

"கொஞ்சமா?" வழிந்த நுரையை விரலால் தொட்டுப் பார்த்தான். "கதைக்கத் தெரியாதவன்டு எல்லாரும் என்னத்தான் சொல்லுற. என்ட ஓடு நல்லாக் கதைக்கிது."

முதலில் சிரித்தவள் அவள்தான். பிறகு நான். அவன் சிரிக்கவில்லை, உலக்கையைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினான். அன்று பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து ஒவ்வொரு செடியின் அடியிலும் மேலாகக் கிடந்த ஓட்டைக் கையால் அள்ளிக் கடகத்தில் போட்டான். என்னை உதவிக்கு விடவில்லை. "நீ நட அக்கா," என்றான்.

நான் நடக்கவில்லை, பஸ் ஏறினேன். காத்தான்குடியில் இறங்கிப் பசளைக் கடைக்குப் போனேன்.

"நானா, நீங்க தந்த யூரியாவால செடி நெடுத்திட்டு. மஞ்சள் போகல்ல."

"தங்கச்சி, மஞ்சள் எண்டு சொன்னீங்க, யூரியா தந்தன். எங்க மஞ்சள் எண்டு ஆரும் சொல்லல்லயே."

"ஃபோக்," என்றேன்.

கணக்குப் பார்க்கும் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். அவரும் சவூதியில் இருந்து வந்தவர். "ஃபோக்? நரம்பு?"

"பச்சை."

"யா அல்லாஹ். அத முதலே சொல்ற இல்லையா புள்ள." எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு பொதி, உள்ளே வெளிர்ப்பச்சைக் கற்கண்டு மாதிரி. "அன்னபேதி, இரும்பு உப்பு. எங்கட வாப்பா நெசவு நெய்யக்குள்ள சாயத்துக்குக் கறுப்பு ஏத்துற இதாலதான். மண்ணில போட்டுடாதீங்க, உங்கட மண் அதையும் விழுங்கிப் போட்டுச் சும்மா இருக்கும். தண்ணியில நல்லா ஐதாக் கரைச்சு இலைக்கு அடிக்கணும். வெயில் தாழ்ந்தாப் பிறகு. கூடிட்டா இலை கரியாப் போகும், முதல்ல ஒரு செடிக்கு அடிச்சுப் பாருங்க."

"சரி நானா."

"தேசிக்காயும் கொஞ்சம் பிழிஞ்சு விடுங்க, தண்ணி புளிப்பா இருந்தாத்தான் இரும்பு கரைஞ்சு நிக்கும்." பொதியைக் கட்டித் தந்துகொண்டே கேட்டார். "ஆரு தங்கச்சி இதக் கண்டுபிடிச்ச?"

"என்ட மச்சாள்."

இந்த இரண்டு சொற்களையும் நான் சொன்ன விதம் எனக்கே கேட்டது. என் எழுத்தை எவராவது பாராட்டும்போது நான் நிலத்தைப் பார்ப்பேன். அன்று அந்தக் கடையில், யூரியா மூட்டைகளுக்கு நடுவில், நிலத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கேட்பாரா என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. நானே இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு செடிக்கு மட்டும் அடித்தாள், மதிலோரம் நின்ற கடைசிச் செடிக்கு. அந்தக் கிழமை நான் கல்லடிக்குத் திரும்பவில்லை. காலையில் எழுந்ததும் மதிலோரம், தேத்தண்ணீரோடு மதிலோரம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை, என் தம்பி தோணியால் வந்து, உடுத்த ஈரச் சாரத்தோடு அங்கே குந்தியிருந்தான். எங்களைத் திரும்பிப் பாராமல் கையால் கூப்பிட்டான்.

வெளிறிய குருத்திலையில் பச்சைப் புள்ளிகள். தெளித்த துளி எங்கெங்கே விழுந்ததோ அங்கங்கே மட்டும், மழைக்கு முதல் பெருந்துளிகள் மணலில் விழுந்த அடையாளம் மாதிரி. துளி படாத இடம் இன்னும் மஞ்சள். அவள் சொன்னது சரியா என்று இனி எவரிடமும் கேட்கத் தேவையில்லை. இலையே புள்ளியிட்டுச் சொல்லியிருந்தது.

"சொன்னன் தானே," என்று அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன், அவளுக்காக, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. "கச்சானாம் கச்சான்."

"நீங்களும்தானே சொன்ன நீங்க," என்றது வேலி.

பிறகு எல்லா வரிசைக்கும் அடித்தாள். வெயில் தாழ்ந்த பின், தேசிக்காய் மணக்க மணக்க, கையில் தெளிப்பானோடு அவள் முன்னால், வாளியோடு தம்பி பின்னால். மாட்டெருவும் வைக்கோலும் கிரானிலிருந்து வந்து இறங்கின. இந்தத் தடவை சீதனப் பகிடிக்கு எவரும் வேலிக்கு வரவில்லை. மஞ்சள் முழுவதும் போகவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்த மணல் தன் குணத்தை ஒரு பருவத்தில் விடாது. குருத்து வெளிறத் தொடங்கும்போதெல்லாம் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. ஆனால் பூ நின்றது. கச்சான் அதே கச்சானாக, அதே நெருப்பாக வீசிக்கொண்டிருக்க, பூ கவிழ்ந்து, காம்பு தடித்து, உள்ளிருந்து பச்சை ஊசி முனைகளாகப் பிஞ்சு இறங்கியது.

ஆடி முடிகிற கிழமை ஏஜென்சிக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவளுடைய கையெல்லாம் தேசிக்காய்ப் புளி. தொலைபேசியைத் தம்பிதான் அழுத்தி, சத்தமாக வைத்து, அவள் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய மறுகை வாளியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தங்கச்சி, ஆடி முடியுதே. மெடிக்கலுக்கு நாள் போடவா?"

அவள் காய்த்து நின்ற வரிசைகளைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"ஏலா அண்ணன். இஞ்ச காய்ச்சிட்டு."

"காய்ச்சலா? ஆருக்கு, உங்களுக்கா?" அவர் குரலில் உண்மையான கவலை. "அடடா. காய்ச்சலோட போனா மெடிக்கல் பெயிலாப் போகும். அவசரப்படாதீங்க. மாறினாப் பிறகு ஒரு கோல் எடுங்க."

தம்பியின் தோள் குலுங்கத் தொடங்கியது. தொலைபேசியும் சேர்ந்து ஆடியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இது மாறாது அண்ணன்," என்றாள் என் மச்சாள். புளிக் கையின் விரல் நுனியால், கவனமாக, தொடர்பைத் துண்டித்தாள்.